மூஷிக வாகனமும் எங்கள் கார்க் கொட்டிலும்

விக்கினம் தீர்க்கும் விநாயகப் பெருமானின் மகோற்சவ காலத்திலே, எம்பெருமான் மூஷிக வாகனத்தில் எழுந்தருளி வீதியுலா வருகின்ற காட்சி கண்கொள்ளாக் காட்சியாகும். எமது ஆலயத்தில் அது மூன்றாம் திருவிழாவன்று இரவு நடைபெறும். கழிந்த ஆண்டு அவ்விரவில், முழங்கால் நோவையும் பொருட்படுத்தாது, அடியேனும் வாகனத் தண்டுக்குத் தோள் கொடுத்தேன். எனக்கு முன்னே தோள் கொடுத்தவர் எமது சந்தியிலே கடை வைத்திருப்பவர். மேற்கு வீதி திரும்பும்போது, நாதஸ்வரம் சற்றே ஓய்ந்த இடைவெளியில், அவர் தலையைத் திருப்பி மெல்லக் கேட்டார்: "மாஸ்டர், காலமை என்னட்டை எலி மருந்து வாங்கினியள். கொட்டிலுக்கை வைச்சிட்டியளோ?"

அவர் பகிடிக்குத்தான் கேட்டார். வைத்தாயிற்று என்று நானும் சிரித்தபடி சொன்னேன். ஆனால் அதற்குப் பின் வடக்கு வீதி முழுவதும் தோளிலிருந்த பாரம் வேறொன்றாய் இருந்தது. காலையில் எந்தக் கையால் எலிக்கு நஞ்சு வைத்தேனோ, அந்தக் கையால் இரவில் எலியைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றேன். விற்றவரும் வாங்கியவரும் ஒரே தண்டில். மேலே எம்பெருமான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கின்றார்.

மலர்க்குழுவினர் இவ்வாண்டு மலருக்கு "உயிர்களிடத்து அன்பு" என்னும் பொருளில் ஏதாவது எழுதித் தருமாறு கேட்டிருந்தனர். முப்பத்தைந்து ஆண்டுகள் சைவசமய பாடம் படிப்பித்தவனுக்கு அது சிரமமான காரியமன்று. கொல்லாமை, புலால் மறுத்தல், சீவகாருண்ணியம் என்று எழுதிக்கொண்டே போகலாம். எழுதுவதற்கு உட்கார்ந்தும் பார்த்தேன். கொட்டிலுக்குள் நடந்ததைச் சொல்லாமல் அந்தப் பொருளைத் தொட மனம் ஒப்பவில்லை. ஆகவே நடந்ததையே எழுதுகின்றேன்.

எங்கள் கார்க் கொட்டில் ஐயா 1963 இல் கட்டியது. வெள்ளைக்கல் அரைச்சுவர், அதற்கு மேலே பனஞ்சிலாகை, கூரைக்குத் தகரம். உள்ளே அவருடைய ஏ-40 கார் நின்றது. 1990 களில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுள் அதுவும் ஒன்று. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது அந்தக் காரிலே அம்மாவும் மூன்று சாக்கு மூட்டைகளும் தென்மராட்சி போயின. மறு ஆண்டு திரும்பி வந்தபின் அது ஓடவில்லை. ஐயாவும் அதன்பிறகு எதையும் எறியவில்லை. ஓட்டைத் தகரம், உடைந்த கதிரை, கயிற்றுத் துண்டு, வெற்றுப் பால்மாப் பேணி, பழைய பத்திரிகை எல்லாம் கொட்டிலுக்குள் போயின. "தேவைப்படும்" என்பார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடித் திரும்பியவரிடம் எறியச் சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை. அவர் 2003 இல் சிவபதமடைந்தார். அவருடைய பொருள்களுடன் எங்களுடையவையும் சேர்ந்தன. நெல் மூட்டை, புழுக்கொடியல், கோழித்தீன், உரிக்காத தேங்காய், விறகு என்று கொட்டில் முகடு முட்டிவிட்டது. ஒரு மூலையில் மகனுடைய மோட்டார் சைக்கிள் நிற்பதற்கு மட்டும் இடம் இருந்தது.

எலி எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. வந்ததை நாங்கள் அறிந்தது சேதத்தினாலேதான். மோட்டார் சைக்கிளின் வயர் அறுந்தது. நெல் மூட்டையின் அடியில் துளை விழுந்தது. ஐயா புராணபடனத்துக்கு வைத்து வாசித்த பழைய கந்தபுராணப் பதிப்பு ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. அதன் மூடி சரியாகப் பொருந்தாததால் முதல் நாற்பது தாள்களும் தூளாயின. எலி வேண்டுமென்று செய்வதன்று. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துத் தேய்க்காவிடில் பல் நீண்டு தின்ன முடியாமற் போகும். வயரும் புராணமும் அதற்கு ஒன்றுதான்.

இவ்வளவோடு நின்றிருந்தால் பொறுத்திருப்போமோ என்னவோ. 2024 நவம்பர் மாதக் கடைசியில் பெய்த பெருமழையின் பின்னர், டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவியதும் உயிர்கள் பறிபோனதும் அடியார்கள் அறிந்ததே. இந்நோய் முன்பு தெற்கின் வயற்பகுதிகளுக்கு உரியதென்றே நாம் எண்ணியிருந்தோம். 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டபோதும் அதனைப் பத்திரிகையில் வாசித்ததோடு விட்டோம். எலியின் சிறுநீரில் வெளியேறும் கிருமி வெள்ளத்திலும் ஈர மண்ணிலும் தங்கி, காலிலுள்ள ஒரு சிறு கீறல் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உடம்பினுள் புகும். சிறுநீரகத்தையும் ஈரலையும் சுவாசப்பையையும் தாக்கும். எமது ஒழுங்கையில் ஒரு இளம் கமக்காரர் சாதாரண காய்ச்சல் என்று மூன்று நாள் வீட்டில் கிடந்து, பின்னர் தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு நாள் இருந்து மீண்டார். அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள். சுகாதாரப் பகுதியினர் ஒழுங்கையிலுள்ள எல்லா வளவுகளையும் பார்த்து வந்தனர். எங்கள் கொட்டிலின் வாசலில் நின்ற பரிசோதகர் உள்ளே ரோச் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஆகவே எலிகள் போகத்தான் வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி.

எமது ஊரில் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, "அது பிள்ளையாற்றை வாகனம், கை வைக்கக்கூடாது" என்பது. மற்றது, "வாகனம் கோயிலில், எலி வீட்டில்" என்பது. முதலாவது பக்தியாகத் தோன்றும். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்திலே கயமுகாசுரனது வரலாறு வருகின்றது. எந்தப் படைக்கலத்தாலும் அழியாத வரம் பெற்ற அவன்மீது விநாயகப் பெருமான் தமது கொம்பினை ஒடித்து எறிய, அவன் எலியுருக் கொண்டு எதிர்த்து வந்தான். பெருமான் அருள்நோக்கம் செய்து அவனை ஊர்தியாக்கிக் கொண்டார். இது அசுரன் ஒருவன் ஆட்கொள்ளப்பட்ட கதை. எலிகள் அனைத்தும் அந்த அசுரனின் வழித்தோன்றல்கள் என்று புராணம் கூறவில்லை. வாகனம் என்பதற்காகவே தொடக்கூடாதெனில், இடபத்தை ஏரிலே பூட்டி அடித்தது எப்படி? நாயை வைரவரின் வாகனம் என்று வணங்கிவிட்டு வாசலில் கல்லெறிவது எப்படி? வாகனக் கதை எமக்கு வசதியான இடத்தில் மட்டுமே ஞாபகம் வருகின்றது.

எலியைப் பற்றிச் சைவன் நினைக்க வேண்டிய இடம் வேறொன்று உண்டு. திருமறைக்காட்டுத் திருக்கோயிலிலே அணையும் தறுவாயில் இருந்த விளக்கின் நெய்யை உண்ண வந்த எலியொன்று, தன் மூக்குச் சுட்டதனால் திரியைத் தூண்டிவிட, விளக்கு நின்று எரிந்தது. அந்த அறியாத் தொண்டுக்காக அவ்வெலி மறுபிறப்பில் மாவலிச் சக்கரவர்த்தியாயிற்று. திருநாவுக்கரசு சுவாமிகள் திருக்குறுக்கை வீரட்டத் திருப்பதிகத்திலே இதனை எடுத்துப் பாடியுள்ளார். இங்கே எலி வாகனமன்று, வெறும் எலி. திருட வந்த எலி. அதனுள்ளேயும் வினையை நுகர்ந்து கழிக்கின்ற ஓர் உயிர், நாளை மூவுலகும் ஆளத்தக்க ஓர் உயிர் இருந்தது. சித்தாந்தம் எமக்குப் படிப்பிப்பதும் அதுவே. உடம்பு கன்மத்துக்கு ஏற்பக் கொடுக்கப்பட்டது. உள்ளே உள்ளது எம்மைப்போன்ற உயிர். என் கொட்டிலில் நான் கொல்லப் புகுந்தது எதனை என்பது இதனால் தெளிவாயிற்று. தெளிவானதனால் காரியம் இலகுவாகவில்லை.

இல்லறத்தான் கொல்லாமல் வாழ முடியாது என்பதை நமது முன்னோர் மறைக்கவில்லை. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் என்ற ஐந்தினையும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஐந்து கொலைக்களங்கள் என்றும், அவற்றால் வரும் பாவந் தீர ஐவகை வேள்விகளைச் செய்யவேண்டும் என்றும் தர்மசாத்திரங்கள் கூறும். அவ்வேள்விகளுள் ஒன்று பிற உயிர்களுக்கு உணவிடுவது. திருவள்ளுவரும் கொல்லாமை அதிகாரத்தைத் துறவறவியலிலேதான் வைத்தார். சிலர் இதைப் பிடித்துக்கொண்டு, கொல்லாமை துறவிக்கே உரியது, எமக்கில்லை என்று தப்பப் பார்ப்பர். எங்கள் ஆறுமுகநாவலர் பெருமான் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பாலபாடத்திலேயே கொலையின் பாவத்தை எழுதி வைத்தவர். துறவிகளுக்காக அதை எழுதவில்லை. எனவே முற்றாக விலகவும் முடியாது, இலகுவாகச் செய்யவும் முடியாது என்ற இடத்திலேதான் இல்லறத்தான் நிற்கின்றான்.

அந்த இடத்தில் நிற்பது கடினம். ஆதலால் நாம் ஒளிக்கின்றோம். நான் எப்படியெல்லாம் ஒளித்தேன் என்று சொல்கின்றேன்.

முதலாவது வழி ஐயாவிடம் கற்றது. அவர் கம்பிக் கூட்டில் எலி பிடித்து, அதிகாலையில் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போய் வயல்வெளியில் திறந்துவிடுவார். உயிர்க்கொலை இல்லை. நீறு பூசி, தேவாரமும் பாடிக்கொண்டே வருவார். ஒருநாள் வயற்காரர் ஒருவர் வரம்பில் நின்று மறித்தார். "ஐயா, உங்கட வீட்டெலியை என்ர நெல்லுக்கையோ விடுறியள்? புண்ணியம் உங்களுக்கு, நட்டம் எனக்கோ?" ஐயா மறுமொழி சொல்லவில்லை. கூட்டைத் திறக்காமலே திரும்பக் கொண்டு வந்தார். அன்று முழுதும் கூடு கிணற்றடியில் இருந்தது. எலிக்குத் தேங்காய்ச் சொட்டு வைத்துவிட்டு அவர் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். கடைசியில் எலி என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வயற்காரர் சொன்னதோடு இன்னொன்றும் உண்டு. முன்பின் அறியாத வெளியில் இறக்கிவிடப்பட்ட எலிக்கு வளை தெரியாது, இரை இருக்குமிடம் தெரியாது. அங்கேயுள்ள எலிகள் அதனை அண்டவிடா. பெரும்பாலும் அது பருந்துக்கோ பாம்புக்கோ இரையாகும். நாம் பார்க்கமாட்டோம், அவ்வளவே.

இரண்டாவது வழி, வேறொருவரைக் கொண்டு செய்விப்பது. வளவு துப்புரவாக்க வரும் தம்பியிடம் ஐந்நூறு ரூபா கூடக் கொடுத்து, "அதையும் ஒருக்கால் பாரும்" என்று சொல்லிவிட்டு நான் கோயிலுக்கு வந்துவிட்ட நாளும் உண்டு. செய்தவன், செய்வித்தவன், உடன்பட்டவன் மூவரும் பங்காளிகள் என்பது அறநூல்களின் துணிபு. இதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். பாவத்தைக் கூலிக்குக் கொடுக்கலாமெனில் செல்வந்தர் எல்லோரும் முத்தி அடைந்திருப்பர்.

மூன்றாவது வழிதான் மூன்றாம் திருவிழாவன்று காலையில் நான் செய்தது. இப்போது கடைகளில் கிடைக்கும் எலி மருந்துகளிற் பெரும்பாலானவை இரத்தம் உறையாமற் செய்பவை. எலி அதனைத் தின்றவுடன் சாவதில்லை. உடனே செத்தால் மற்ற எலிகள் அந்த இரையைத் தொடமாட்டா என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். மூன்று நாள் தொடக்கம் ஒரு கிழமை வரையில் உள்ளுக்குள்ளே இரத்தம் கசிந்து, சோர்ந்து, எங்கேயோ ஒரு மறைவில் சாகும். பெட்டியிலே சிவப்பு நிறக் கட்டி. கையில் இரத்தம் படாது. சத்தம் இல்லை. சாவைப் பார்க்கத் தேவையில்லை. இதைவிட மனிதனுக்கு வசதியான கொலை வேறில்லை.

திருவிழா முடிந்து ஒன்பதாம் நாள், கிணற்றடிப் பனையின் கீழே ஒரு கூகை விழுந்து கிடந்தது. வெள்ளை முகம், இருதயம் போன்ற வடிவம். காயம் ஒன்றுமில்லை. அந்தப் பனையிலே அது இருந்து இரவில் சீறுவதைப் பல ஆண்டுகள் கேட்டிருக்கின்றோம். மருந்து தின்று தள்ளாடும் எலியைப் பிடிப்பது கூகைக்குச் சுலபம். எலியின் உடம்பிலுள்ள நஞ்சு அதற்கும் போகும். என் மருந்தினால்தான் இறந்தது என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது. ஆனால் எங்கள் வளவில் என்னைவிட அதிக எலி பிடித்த உயிர் அதுதான். ஒவ்வொரு இரவும் இரண்டு மூன்று எலிகளைத் தின்றுகொண்டிருந்த வேலைக்காரனைக் கொன்றுவிட்டு, எலி கூடிவிட்டது என்று நான் இன்னொரு பெட்டி வாங்கப் போயிருக்கக்கூடும். அதனை மாமரத்தடியில் தாட்டேன். மீதி மருந்தை எடுத்துப் பத்திரமாகக் கட்டி வைத்தேன். மனைவி அன்று ஒன்றும் பேசவில்லை.

ஒட்டுப் பலகை என்றொன்றும் விற்கிறார்கள். அதில் ஒட்டிய எலி பசியாலும் பயத்தாலும் மணிக்கணக்காக இழுபட்டுச் சாகும். இங்கிலாந்தில் 2024 யூலை 31 இலிருந்து பொதுமக்கள் அதைப் பாவிப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. எமக்குச் சட்டம் தேவையில்லை, மகாபாரதம் போதும். சிறுவயதில் பூச்சிகளைப் புல் நுனியில் கோத்து விளையாடிய மாண்டவியர் பின்னாளில் கழுமரத்தில் இருக்க நேர்ந்த கதையை நாம் எல்லோரும் கேட்டே வளர்ந்தோம். அந்தப் பலகையை வீட்டில் வைத்துவிட்டு அதே வீட்டில் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்ல இயலாது.

நான் எங்கள் குருக்களையாவிடம் போய், எலி கொன்ற பாவத்துக்கு என்ன பரிகாரம் என்று கேட்டேன். ஒரு அபிஷேகம் செய்யச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது இதுதான்: "மாஸ்டர், கொட்டிலைத் துப்புரவாய் வைச்சிருக்க ஏலாதோ?"

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வரும் வழியிலே அது வெட்கமாயிற்று. எலியை யார் அழைத்தது? இருபது ஆண்டுகளாக நெல்லும் புழுக்கொடியலும் திறந்து வைத்து விருந்து கொடுத்தது நான். படுக்கச் சாக்கும் கடதாசியும் கொடுத்தது நான். எலி சூல் கொண்டால் மூன்று கிழமைகளில் ஈனும். ஒரு ஈற்றில் ஆறு, ஏழு குஞ்சுகள். மூன்று நான்கு மாதத்தில் அவையும் தாயாகும். இருக்க இடமும் இரையும் உள்ளவரை, நான் ஒன்றைக் கொல்ல இரண்டு பிறக்கும். அதாவது அழைத்துக்கொண்டே கொன்றுகொண்டிருப்பேன். கொலை செய்யலாமா என்று நான் சாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொலை செய்யத் தேவையில்லாதபடி வாழ்ந்தேனா என்ற கேள்வி அதற்கு முன்னால் வரவேண்டியது. அதற்கு விடை எழுதக் கையில் விளக்குமாறு வேண்டும், சாத்திரம் வேண்டாம் என்றபடியால் நான் அதைக் கேட்கவே இல்லை.

பதினொரு நாள் வேலை. கையுறையும் சப்பாத்தும் போட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு நானும் மகனும் கொட்டிலை வெறுமையாக்கினோம். எலிப் புழுக்கையை உலர்ந்தபடி கூட்டக்கூடாது, தூசு சுவாசத்தோடு போகும் என்று பரிசோதகர் சொல்லியிருந்தபடியால் முதலில் குளோரின் கரைத்த நீர் தெளித்து நனைத்தே அள்ளினோம். நெல்லும் கோழித்தீனும் மூடியுள்ள பீப்பாக்களுக்குள் போயின. சுவரில் ஒரு விரல் புகும் துளை எதுவாயினும் உடைந்த போத்தல் ஓடும் சீமெந்தும் கலந்து அடைத்தோம். சிலாகைக்குப் பின்னால் சிறுகண் கம்பிவலை அடித்தோம். கதவின் அடிக்குத் தகரம். கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த மாங்கொப்பு மூன்றையும் தறித்தோம். ஐயாவின் பேணிகளை எறியும்போது மட்டும் மகனைப் போகச் சொல்லிவிட்டு நானே எறிந்தேன்.

நான்காம் நாள் ஏ-40 இன் பின் இருக்கையைத் தூக்கினேன். சுருள் கம்பிகளுக்கிடையே சாக்கு நாரும், கந்தபுராணத் தாள்களும் மென்மையாய்ச் சிதைத்து அடுக்கிய கூடொன்று. அதற்குள் ஆறு குஞ்சுகள், கண் திறக்காதவை. சுண்டுவிரல் அளவு, சிவப்பு, மயிர் இல்லை. தாய் ஓடிவிட்டது. மகன், "அப்பா, இப்ப செய்தால் சுகம்" என்றான். அவன் சொன்னது சரி. மூன்று மாதத்தில் இவை முப்பதாகும். ஒழுங்கையில் இருக்கும் அந்த இரு சிறு பிள்ளைகளும் எனக்கு ஞாபகம் வந்தார்கள். அவர்களது தகப்பன் மீண்டு வந்தது தெய்வச் செயல். ஆனாலும் கை எழவில்லை. இருக்கையை இருந்தபடியே மெல்ல வைத்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் இருந்தேன்.

மறுநாட் காலையில் பார்த்தபோது கூடு வெறுமையாய் இருந்தது. கலைந்த கூட்டிலிருந்து தாய் எலி குஞ்சுகளை ஒவ்வொன்றாய் வாயில் கவ்விக் கொண்டுபோய்விடும். எனக்குப் பெரிய ஆறுதல். "பிள்ளையார் காப்பாற்றிவிட்டார்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள், "ஆரை? எலியையோ, உங்களையோ?" என்று கேட்டாள். அவை எங்கே போயிருக்கும்? அடுத்த வளவு விறகுக் கொட்டிலுக்கு. அதாவது ஐயா சைக்கிளில் கொண்டுபோய் விட்டதை, என் விஷயத்தில் தாய் எலியே செய்து தந்திருந்தது. அன்று பின்னேரம் நான் வேலியடியில் நின்று அயல் வீட்டாரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சொல்வதற்கு வெட்கமாய் இருந்தது. அடுத்த கிழமை அவருடைய கொட்டிலை வெறுமையாக்க நானும் மகனும் போனோம்.

இவ்வளவு செய்தபின்னும் சில எலிகள் உள்ளே நின்றன. அவற்றுக்கு அடிபொறி வாங்கினேன். புதிதாக ஒரு பொருளைக் கண்டால் எலி சில நாள் கிட்ட வராது. அதனால் முதல் நான்கு நாளும் வில்லை ஏற்றாமல், சுட்ட தேங்காய்ச் சொட்டு மட்டும் கட்டி வைக்கவேண்டும். பழகியபின் ஏற்றவேண்டும். நம்பவைத்துக் கொல்வதுதான் இது. வேறு சொல்லில்லை. ஐந்து கிழமையில் ஒன்பது எலிகள். எட்டு அந்தக் கணத்திலேயே முடிந்தன. ஒன்று இடுப்பில் அகப்பட்டு உயிரோடு இருந்தது. அதனை என் கையால் முடிக்க வேண்டியதாயிற்று. எழுபத்திரண்டு வயதில் அதைச் செய்தேன். அன்று நான் பூசைக்கு வந்து உள்வீதியில் நிற்காமல் வெளிவீதியில் நின்றதைச் சிலர் கண்டு, துடக்கோ என்று கேட்டனர். பொறி வைப்பதையும் எடுப்பதையும் தாழ்ப்பதையும் நானே செய்தேன், யாரிடமும் கொடுக்கவில்லை. இதனால் பாவம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. எத்தனை என்று எனக்குத் தெரியும். மருந்து வைத்த நாளில் அதுகூடத் தெரியாது.

இவற்றையெல்லாம் கோயில் மலரில் எழுதத்தான் வேண்டுமோ என்று ஒருவர் கேட்டார். வேண்டும். ஏனெனில் எமது ஆலயத்திலும் ஒரு கொட்டில் இருக்கின்றது. வாகனசாலையைச் சொல்கின்றேன். இவ்வாண்டு கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பு வாகனங்களைத் துடைப்பதற்காகத் திறந்தபோது, சுவாமியின் சாத்துப்படிப் பட்டுக்களுள் இரண்டு சல்லடையாய் இருந்தன. மூஷிக வாகனத்தின் இடது காது பாதி கொறிக்கப்பட்டிருந்தது. எலியின் காதை எலி தின்றிருக்கிறது என்று இளைஞர்கள் சிரித்தனர். பரிபாலன சபைக் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மருந்து என்றார். "கோயிலுக்கையோ?" என்று இன்னொருவர் எழும்பினார். மூன்றாமவர், கூட்டில் பிடித்துப் பள்ளிக்கூட வளவுக்குள் விடலாம் என்றார். மருந்து விற்கும் அன்பர் என்னைப் பார்த்தார். நான் என் கொட்டிலின் கதையைச் சொன்னேன்.

அன்னதான மடத்து அரிசி மூட்டை திறந்தபடி இருந்தது. அதற்குப் பீப்பா வாங்கப்பட்டது. சிதறு தேங்காயை மறுநாள் காலை வரைக்கும் வீதியில் விடாமல் அன்றன்றே பொறுக்க இளைஞர் இருவர் பொறுப்பெடுத்தனர். மோதகமும் பொங்கலும் மிஞ்சிய வாழையிலைகளை மதிலுக்குப் பின்னால் எறியும் எம் எல்லோரின் பழக்கம் இன்னும் முற்றாக மாறவில்லை. இதை வாசிக்கும் அடியார்கள் சிலருக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று விளங்கும். வாகனசாலைச் சாளரங்களுக்கு வலை அடிக்கும் நாளில் மருந்துக்கடை அன்பரும் வந்து ஏணியைப் பிடித்தார். அவர் இப்போதும் எலி மருந்து விற்கின்றார். வாங்க வருபவரிடம் முதலில் "ஓட்டை அடைச்சீங்களோ?" என்று கேட்பதாகச் சொல்கின்றார். விற்பனை குறைந்ததா என்று நான் கேட்கவில்லை.

வாகனங்களுக்கு வர்ணம் பூச வந்த ஆசாரியார், மூஷிகத்தின் காதைப் புதுமரத்தில் செதுக்கி ஒட்டிவிடவா என்று கேட்டார். சபையில் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. ஊனமான வாகனத்தில் சுவாமி எழுந்தருளலாகாது என்றனர் சிலர். காதைப் பார்த்தாவது இலையைக் கண்டபடி எறியாமல் இருப்போம் என்றார் ஒரு முதியவர். முடிவு எடுக்கப்படவில்லை. ஆசாரியார் கொறித்த இடத்தைச் சீவி மட்டமாக்கி, மேலே வர்ணத்தை மட்டும் பூசி வைத்திருக்கின்றார். மூன்றாம் திருவிழா இரவு இடப்பக்கத்தில் நின்று கும்பிடுபவர்களுக்கு அது தெரியும். நான் இம்முறையும் அந்தப் பக்கத்துத் தண்டுக்குத்தான் பெயர் கொடுத்திருக்கின்றேன்.